பிற்பகல் வருகை

ஆசிரியர்கள் தலைமையாசிரியரிடம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை, சார். கேட்ட நாளில் விடுப்பு. சாக்பீஸ் தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும். பெற்றோர் சண்டைக்கு வந்தால் முன்னால் நிற்க ஓர் ஆள். "பிரச்சினைனு வந்தா விட்டுக்கொடுக்காம இருந்தாப் போதும் சார்" என்று ஜெஸ்ஸி டீச்சர் வேலைக்குச் சேர்ந்த அன்றே சிரித்துக்கொண்டு சொன்னார். நியாயமான பேச்சு.

எங்களுடையது போடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் அவரும் நானும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொந்தச் சோலியாகப் போடிக்குப் போயிருந்தேன். மனைவி பேரில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. அன்று காய் ஏலம். விடுப்பு எழுதவில்லை. அரை நாள் விஷயம்தானே.

ஐந்தாம் வகுப்பு வீரலட்சுமி காலையிலிருந்தே அழுதிருக்கிறாள். அவள் அம்மா மாயக்காள் மேலே எஸ்டேட்டில் தங்கி காய் எடுக்கிறவர். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று யாரோ பிள்ளையிடம் சொல்லிவிட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும், "மாமா ஜீப்போட வாசல்ல நிக்கிறாரு டீச்சர், அம்மாவப் பாத்துட்டு வர்றேன்" என்றாளாம். ஐம்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவர், வாசலை எட்டிப் பார்க்காமல் சரி என்றுவிட்டார்.

நான் திரும்பும்போது மணி நாலு. விஷயத்தைச் சொன்னார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தரைக்கு அவள் அப்பா சின்ராசு வந்தார். "பிள்ள இன்னும் வீடு வரல சார். அவ ஆத்தாளுக்குப் போன் போட்டேன், அங்கிட்டும் வரலைங்கா."

வீரலட்சுமிக்கு மாமாவே கிடையாது என்பது அவர் பேச்சில்தான் தெரிந்தது. டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. என்னை உள்ளே கூப்பிட்டு, "நடந்தே மலையேறிருப்பா சார். வெரசா சொல்லிருவோம்" என்றார்.

அவருக்குத் தகுதிகாண் பருவம் முடிய நான்கு மாதம் இருந்தது. பிள்ளையைத் தனியாக வெளியே விட்டதாக எழுதினால் வேலை போய்விடும். தலைமையாசிரியர் எங்கே என்றும் கேட்பார்கள்; அது வேறு. "நீங்க வாயத் திறக்காதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். பதிவேட்டில் வீரலட்சுமிக்கு நேராகப் பிற்பகல் வருகையை நானே குறித்தேன். பிறகு சின்ராசுவிடம் அதைக் காட்டினேன். "நாலு மணிக்கு எல்லாரோடயும் சேர்ந்துதான் போனா."

நாலு மணிக்கு மேல் எந்தப் பிள்ளை மலையேறும்? அவர் அப்படித்தான் நினைத்தார். போலீசும் அப்படித்தான் நினைத்தது. கண்மாயைத் தேடினார்கள். கிணறுகளில் பாதாளக் கரண்டி விட்டார்கள். மாந்தோப்பு முழுக்கச் சலித்தார்கள். நானும் கூடவே இருந்தேன். சின்ராசுவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஒவ்வொரு கிணற்றிலும் ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது அவர் கும்பிட்டார்.

வியாழக்கிழமை எஸ்டேட் ஆட்கள்தான் பார்த்திருக்கிறார்கள். எஸ்டேட்டுக்கு ஏறும் பாதைக்குக் கீழே சரிவில், கால் முறிந்து கிடந்திருக்கிறாள். புதன் இரவு வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதினார். அதைக் கேட்ட அன்றைக்கே ஜெஸ்ஸி டீச்சர் உங்கள் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். எனக்குக் கோபமில்லை. சின்ன வயது, தாங்கவில்லை.

கடிதத்தில் இருப்பதெல்லாம் உண்மை. இல்லாதது ஒன்று இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. புதன்கிழமை விடிந்ததும், எல்லோரும் கண்மாயில் இருந்தபோது, மனசு கேட்காமல் நான் தனியாக அந்தப் பாதையில் ஏறினேன். இரண்டாவது வளைவில் நின்று மூச்சு வாங்கினேன். கீழேயிருந்து "சார்" என்று கேட்டது. அந்தக் காட்டில் கருங்குரங்குகள் அதிகம். தூரத்தில் கேட்டால் மனுசக் குரல் மாதிரியே இருக்கும். இருந்தாலும், "யாரு?" என்றேன்.

"நாந்தான் சார்" என்றது.

குரங்காகத்தான் இருக்கும் என்று இறங்கிவிட்டேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அந்த நிலைமையில் டீச்சரை எப்படித் தனியாக விடுவது, நீங்களே சொல்லுங்கள்.