இரண்டாவது அழைப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் கேப்டன் அவர்களே, அவருக்கு அருகில் இருக்கும் டாக்டர் அவர்களே, முன்வரிசையில் கைகளை மடியில் கோத்தபடி அமர்ந்திருக்கும் என் தங்கையே (மறைந்த நம் பியூகிள் மாஸ்டரின் மனைவியை நான் வேறு எப்படியும் அழைத்ததில்லை), போருக்குப் பிள்ளையையும் கணவனையும் உடன்பிறந்தானையும் கொடுத்த குடும்பத்தாரே, கதவருகே சுவரில் சாய்ந்து கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் எனக்குப் பழக்கமில்லாத தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என் குரல் நடுங்குகிறது. வயதால் என்று நினைக்க வேண்டாம். வயது என் முழங்காலில் இருக்கிறது. குரலில் இருப்பது பயம்.

இந்த மண்டபத்தின் பெரிய கதவு இன்று திறக்கப்படவில்லை. சாவி கிடைக்கவில்லையாம். பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக வந்தோம், ஒவ்வொருவர் முகமாகப் படம் எடுக்கப்பட்டது. பாதி நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. அவற்றில் யார் யார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் வாசல்வரை வந்து, திரும்பிவிடலாமா என்று ஒருமுறை நின்றேன்.

நான் மேடையேறும் முன் கேப்டன் என் காதருகே குனிந்து சொன்னார்: "மூச்சுத் திணறல்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்கம்மா. அதோட எல்லாம் முடிஞ்சிடும்." கேப்டன் கோழை இல்லை. தொடையில் இன்னும் குண்டுச் சில்லைச் சுமந்துகொண்டு நடப்பவர். அவரையே இப்படிக் கெஞ்ச வைத்துவிட்டார்கள் என்பதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்துகிறது.

எது முடிந்துவிடும்? இந்த ஆண்டு வீரர்கள் நினைவு நாளில் நம் பியூகிள் மாஸ்டர் உரிய நேரத்தில் இரண்டாவது அழைப்பை ஊதவில்லை. ஏன் ஊதவில்லை என்று கேட்கிறார்கள். கிழவருக்கு மூச்சுத் திணறியது என்று நான் சொல்லிவிட்டால் விசாரணை நின்றுவிடும். சங்கம் பிழைக்கும். அடுத்த ஆண்டும் நாம் நினைவுத் திடலுக்குள் போகலாம். சொல்லாவிட்டால்? நேற்று என் மகன் தொலைபேசியில் அழுதான். "உனக்கென்னம்மா, பேசிட்டு வீட்டுக்குப் போயிடுவ. எனக்கு ஆபீஸ் இருக்கு, பிள்ளைங்க இருக்காங்க." அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அன்று நான் மாஸ்டரின் பக்கத்திலேயே நின்றவள். அதனால்தான் அந்த ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து கேட்கிறார்கள்.

நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். பயம் வந்தால் வேகமாகப் பேசாதே, ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல் என்பார்கள். இன்று அப்படியே செய்கிறேன்.

நினைவு நாளின் முறை தெரியாதவர்களும் இங்கே இருக்கலாம். இறந்த வீரர்களின் பெயர் வெட்டிய கல்லின் முன்னால் பியூகிள்காரர் தன் பித்தளைக் கொம்பில் முதல் அழைப்பை ஊதுவார். உடனே அணிவகுப்பு வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் தலைகுனிவார்கள். நாமும் குனிவோம். மௌனம். இரண்டாவது அழைப்பு எழுந்தால்தான் தலை நிமிர்த்தலாம். அதுவரை தளபதியே ஆனாலும் அசையக் கூடாது. அந்த மௌனத்தைத் திறப்பதும் மூடுவதும் கடிகாரம் அல்ல, பியூகிள். அந்தத் திடலில் யாரும் பேசுவதில்லை என்பதும் முறை. அழுவதற்கு மட்டும் அங்கே தடை இல்லை.

என் கணவரின் பெயர் அந்தக் கல்லில் வெட்டப்பட்ட ஆண்டு, மௌனத்தின் நடுவில் என் கால்கள் மடங்கிவிட்டன. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தூக்கிவிட யாரும் வர முடியாது, மௌனம் அல்லவா? நேரம் கடந்தது. அதிகாரி தொண்டையைச் செருமினார். இளம் பியூகிள்காரர் ஒருவர் பியூகிளை இடுப்போடு அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுது தீர்த்து, வெட்கப்பட்டு, உடையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். அதன் பிறகே ஊதினார். ஏன் தாமதம் என்று அதிகாரி அதட்டியபோது, "அந்த அக்கா இன்னும் எழுந்திருக்கலையே சார்" என்றாராம்.

அன்றும் நேரம் கடந்தது. அன்று அவருக்கு மூச்சுத் திணறல் என்று யாராவது சொன்னார்களா?

அன்றிலிருந்து எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. ஒரு நினைவு நாள் தவறியதில்லை. ஒரு வீரனின் இறுதிச் சடங்கு தவறியதில்லை. எந்த மூலையில் சவப்பெட்டி இறங்கினாலும், சொந்தச் செலவில் பேருந்து ஏறி, மடியில் பியூகிளோடு போய் நிற்பார். அவர் நாட்டை நேசித்ததை நான் எப்படி விளக்குவேன்? வரி அலுவலகத்துக் கூரையில் கொடி வெளுத்துக் கிழிந்திருந்தது என்று உள்ளே போய், "உங்க சட்டை இப்படி இருந்தா நீங்க ஆபீசுக்கு வருவீங்களா சார்?" என்று கேட்டு, புதுக் கொடி ஏறும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய சொந்த அண்ணனின் பெயரும் அந்தக் கல்லில்தான் இருக்கிறது. ஆனாலும் அரசாங்கத்தைப் பற்றி நாங்கள் முணுமுணுத்தால் எழுந்து போய்விடுவார். உங்கள் வாய் பியூகிள் ஊத மட்டும்தானா என்று ஒருநாள் நான் சீண்டினேன். "இருக்கிற மூச்சு அதுக்குத்தான் அக்கா. திட்டறதுக்கு மிச்சம் இல்லை" என்றார்.

அப்படிப்பட்ட மனிதர் எங்கே உடைந்தார்?

சென்ற குளிர்காலத்தில் மலைக் காவல்சாவடியில் நம் பிள்ளைகள் இறந்தார்கள். எதிரியின் குண்டால் பாதிப் பேர், குளிரால் மீதிப் பேர். கனமான மேலங்கி வந்து சேரவில்லை என்று அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பையனின் உடல் வந்திறங்கிய வீட்டுக்கு மாஸ்டருடன் நானும் போயிருந்தேன். அவன் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அனுப்பின கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தானா? நீங்க பட்டாளத்துக்காரர், உங்களுக்குத் தெரியும், சொல்லுங்க" என்று கேட்டாள். அப்போது அமைச்சர் வந்தார். கூட வந்த படக்காரர் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, ஐயா முகம் விழலை."

திருப்பினார்கள்.

தினமும் பியூகிளைத் துடைத்து மின்னவைக்கும் தம்பி அதன்பிறகு பல நாட்கள் அதை உறையிலிருந்தே எடுக்கவில்லை என்று என் தங்கை சொன்னாள்.

பிறகு நினைவு நாள் வந்தது. தேர்தலும் பக்கத்தில் வந்திருந்தது. கல்லை மறைத்து ஒரு மேடை. மேடையில் ஒலிவாங்கி. எதிரே தொலைக்காட்சிக் கேமராக்கள். குடும்பங்களுக்குக் கயிறு கட்டிப் பின்னால் இடம். பேச்சே இல்லாத திடலில் அமைச்சர் பேசப்போகிறார் என்றார்கள். ஓர் அதிகாரி மாஸ்டரிடம் வந்து, "ரெண்டாவது அழைப்பு முடிஞ்ச அடுத்த நொடி ஐயா பேச ஆரம்பிப்பார், நேரடி ஒளிபரப்பு, இழுத்துடாதீங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் தலையாட்டினார். கயிற்றுக்கு இந்தப்புறம், அவர் பக்கத்திலேயே, நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

முதல் அழைப்பை ஊதினார். எல்லோரும் தலைகுனிந்தோம். பியூகிளை இறக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

நேரம் ஆனது. பியூகிள் எழவில்லை. நான் குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தேன். உதடு அசையாமல் சொன்னார்: "நிக்கட்டும் அக்கா. ஒருநாள் அவங்களும் நிக்கட்டும்."

அணிவகுப்பு வீரர்கள் அசையவில்லை. நம்மில் ஒருவரும் அசையவில்லை. அமைச்சர் ஒலிவாங்கியை நெருங்கி, "என் அருமை..." என்று தொடங்கினார். ஒரு தலைகூட நிமிரவில்லை. இறந்த வீரர்களுக்கான மௌனத்தைக் கேமராக்களின் முன்னால் எப்படிக் கலைப்பார்? அவரும் தலைகுனிந்தார். தொலைக்காட்சிக்காரர்கள் கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்து, ஒலியில் தொழில்நுட்பக் கோளாறு என்று திரையில் போட்டார்களாம். வெயில் ஏறியது. அமைச்சர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஓசைப்படாமல் மேடையிலிருந்து இறங்கினார். கார்கள் போயின. புழுதி அடங்கியது.

அதன்பிறகு நம் பியூகிள் மாஸ்டர் பியூகிளை உயர்த்தி இரண்டாவது அழைப்பை ஊதினார். முழுதாக ஊதினார். கடைசிச் சுரம் திடலை ஒட்டிய ஓடைக்கு அப்பால் போய்த் திரும்பி வந்தது. நீங்கள் கேட்டீர்கள். நானும் கேட்டேன். மூச்சுத் திணறியவர் ஊதிய ஊதலா அது?

அடுத்த நாள் அவரை விசாரணைக்கு அழைத்தார்கள். மாலை அவர் திரும்பி வந்தபோது கீழ் உதட்டில் தையல் போட்டிருந்தது. கதவு இடித்துவிட்டது என்றார். எந்தக் கதவு என்று கேட்டேன். அந்த உதட்டால் முடிந்த அளவு சிரித்தார். "அரசாங்கக் கதவு அக்கா. பலமா செஞ்சிருக்காங்க." பியூகிள்காரருக்கு உதடுதான் எல்லாம். அதற்குப் பிறகு அவர் ஊதவே இல்லை. அடுத்த வாரம், காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

டாக்டர் இதயம் என்றார். பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டாம் டாக்டர், நான் உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன். உதட்டைப் பார்த்தேன். அது எனக்குத் தெரியும்.

கேப்டன், என்னை மன்னியுங்கள். நீங்கள் கேட்ட வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு மூச்சு இருந்தது. தேவைக்கு மேலேயே இருந்தது. ஊத முடியாமல் அவர் நிற்கவில்லை, ஊத மறுத்து நின்றார். நாட்டை அவர் கடைசிவரை நேசித்தார். அதன் பெயரைச் சொல்லிப் பெட்டியைத் திருப்பியவர்களுக்கு அவர் தன் மூச்சைக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். மகனே, இதை நீ எங்காவது கேட்டுக்கொண்டிருந்தால், உன் அம்மா உன்னை நினைக்காமல் பேசவில்லை.

அடுத்த ஆண்டு பியூகிள்காரரே வேண்டாமாம், பதிவு செய்த ஒலியைப் பெட்டியில் போடுவார்களாம். போடட்டும். நாங்கள் வருவோம். உள்ளே விடாவிட்டால் வேலிக்கு வெளியே நிற்போம். அந்தப் பெட்டி கத்தினால் எங்கள் தலை நிமிராது. இந்த மேசைமேல் இருக்கும் பியூகிளை நான் கையில் வைத்திருப்பேன். ஊத மாட்டேன், ஒருமுறை அவர் என்னிடம் கொடுத்துப் பார்த்தார், தெருநாய்கள் வந்துவிட்டன. வைத்திருப்பேன், அவ்வளவுதான். நான் இல்லாவிட்டால் உங்களில் ஒருவர் வைத்திருங்கள். இதை அவர் முன்னால் சொல்வதாக நினைத்துச் சொல்கிறேன்.

இப்போது மௌன அஞ்சலி. எழுந்து நிற்போம். கதவருகே இருக்கும் தம்பிகளே, கையை இறக்குவதும் இறக்காததும் உங்கள் விருப்பம்.

மௌனத்தை முடிக்க இன்று ஆள் இல்லை. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். அன்று ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். என் தங்கை எப்போது தலை நிமிர்கிறாளோ அப்போது நாமும் நிமிர்வோம். அவசரமில்லை தங்கையே, நாங்கள் நிற்கிறோம். பயமாக இருப்பவர்கள் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேப்டன், உங்கள் கையைக் கொடுங்கள்.