சண்டை போட்டால் நடக்கிற அக்கா

ஹலோ... ஹலோ, பிசியோ மேடம், நான்தான், தங்கச்சி... ஆமா, தையல் கடையிலதான். கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கேன்... அக்காவ அந்த நடக்க வைக்கிற ரோபோவுல மாட்டியாச்சா? ரெண்டு காலுமா?... மேல தூக்கிப் பிடிக்கிற பெல்ட்டும்?... சரி, சரி... பெரிய டாக்டர் பக்கத்துலயே நிக்கிறாரா! ஐயோ... புரியுது மேடம். ரோபோ இழுக்குறதைக் குறைப்பீங்க, அவ கால் தானா தள்ளணும். தள்ளலைன்னா இந்தப் பயிற்சிய இதோட நிறுத்திடுவாங்க... தெரியும். அம்மா காலையிலேர்ந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துட்டே இருக்காங்க... பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல. என்கூடச் சண்டை போட்டாதான் திரையில அவ கால் பலத்தைக் காட்டுற அந்தப் பச்சைக் கோடு ஏறுதுன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க... ம், ஸ்பீக்கர்ல போடுங்க.

என்னக்கா, தொங்கிட்டு இருக்கியாமே?... வௌவால்னு நான் சொல்லல, நீயா சொல்லிக்கிற... மாப்பிள்ளை எப்படி இருக்காரு?... அதான், ரோபோ. கையப் பிடிக்காம நேரா காலையே பிடிச்சுட்டாரே! நடன்னா நடக்குறாரு, எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. யாருக்குக் கிடைக்கும்?... ஆமா, ஆமா. படியில விழுந்ததுலேர்ந்து உனக்கு வாய் மட்டும் நல்லா நடக்குது.

...சும்மாதான் கூப்பிட்டேன். உன் கத்தரி இருக்குல்ல, பெரிய கத்தரி... ஆமா, துணி வெட்டுறதுதான்... தொலைக்கல... ஒண்ணும் பண்ணல, பேப்பர் வெட்டினேன்... பேப்பர்க்கா. கொஞ்சம் அட்டையும்... கத்தாத, டாக்டர் இருக்காரு... மழுங்குமா? காகிதம் மெத்துன்னுதானே இருக்கு?... எருமைன்னா எருமை... ம்... ம்... ஏறுதா மேட... இல்லக்கா, அங்க வெயில் ஏறுதான்னு கேட்டேன்.

...இன்னொண்ணு. அந்த டீச்சரம்மா ஜாக்கெட்டுக்கு இடது கைய வலது பக்கம் வச்சுத் தச்சுட்டேன்... போட்டுக்கிட்டே போயிட்டாங்க. கையத் தூக்கினாதான் பிடிக்குமாம். போர்டுல எழுதாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்... ஆமா, உன் பேர்தான் கெடும். கடை உன்னோடதுதானே?... நீ வந்து தைப்பியா? எப்படி? மிதிக்கக் கால் வேணாமா? பேசாம அந்தத் தையல் மெஷினை வித்துடலாம்க்கா, இனிமே யாரு மிதி...

அக்கா?

...அக்கா. ஏன் யாரும் பேசமாட்டேங்கறீங்க?... மேடம், கோடு?... ரோபோவே நின்னுடுச்சா?

...அக்கா, சத்தியமா அப்படி நினைக்கல. சண்டைக்காகச் சொன்னேன். மேடம்தான்... இல்ல, அவங்க மேல தப்பில்ல, எனக்குத்தான் வாய் நீண்டு போச்சு... உன்னைக் கிளப்பி விடத்தான்க்கா... ம், முன்னாடி போட்ட சண்டை எல்லாமும்தான்... யாரும் விக்கல. உன் ஸ்டூலைக்கூட உசத்தல. எனக்குக் குட்டையா இருக்கு, முதுகு ஒடியுது, ஆனாலும் உசத்தல... நான் அழல. சளி.

...என்ன சத்தம் அது?... மறுபடி ஓடுதா? யாரு போடச் சொன்னா?... அவளா?... ரோபோ இழுக்குறதை இன்னும் குறைக்கச் சொல்றாளா? வேணாம் மேடம், கோபத்துல சொல்றா... டாக்டர் என்ன சொல்றாரு?... திரையைப் பார்க்கச் சொல்றாரா?

...இடது காலா? தானா தள்ளுதா?... நான் இப்போ ஒண்ணும் சொல்லலையே! சண்டையே போடலையே!

அக்கா! இரு, இரு, வேற ஏதாவது சொல்றேன், கோபம் வரட்டும்... வேணாமா?... என் பேச்சு இடைஞ்சலா?... காலடிச் சத்தம் கேக்கணுமா உனக்கு?... அடிப்பாவி, இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்துனது நானு!... சரி... சரிக்கா, பேசல... ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், போனைக் கீழ வச்சா எனக்கும் கேக்கும்ல? மேடம், அப்படியே தரையில வைங்...

ஹலோ?

...கட் பண்ணச் சொல்லிட்டா, ராட்சசி.