ஒரு வீட்டுக்கான மெஷின்

“ஹலோ... ஹலோ, அண்ணா, ஃபோனை வைக்காத. ... கடையில கூட்டம்னு சொல்லாத, பின்னாடி ஒரு ஈ காக்கா சத்தம்கூட இல்ல. ... ஆமா. ... ஆமா, ஆமா, மெக்கானிக் வந்துட்டுப் போயிட்டான். ... எங்க சரி பண்ணான்? தொடவே இல்ல.”

அவள் செருப்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒடுங்கி நின்று பேசிக்கொண்டிருந்தாள். பெண்களுக்கென்றே அவள் நடத்தும் மாடி ஜிம் அது. திறந்து இன்னும் முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. அங்கிருந்த நான்கு ட்ரெட்மில்களையும் வாங்கிப் போட்டவன் அண்ணன். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிறவன். மெஷின் சமாசாரத்தை என்னிடம் விட்டுவிடு என்று மார் தட்டிக்கொண்டு போனவன். அந்த நான்கில் ஒன்று இன்று காலை கருகல் வாடையோடு நின்றுபோனது.

“என்ன சொன்னானா? ‘இது வீட்டு மெஷினாச்சே, இங்க எப்படி வந்துச்சு’ன்னு கேட்டான். ... இரு, நான் முடிச்சுக்கறேன். ... ஜிம்முல போட்டா வாரண்டி கிடையாதாம். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு போயிட்டே இருந்தான். ... நான் உன்கிட்ட என்ன கேட்டேன்? கமர்ஷியல் மெஷின்தான் வேணும்னு கேட்டேனா இல்லையா? ... சுத்தி வளைக்காத. கேட்டேனா, இல்லையா? ... ஆங். கேட்டேன்ல.”

அண்ணன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் அதே இழுவைக் குரல். அவளுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

“ரெண்டும் ஒண்ணா? எப்படி ஒண்ணு? ... அதே கம்பெனி, அதே கலரு, சரி. ... ஆமா, பாட்டுகூடப் பாடுது. பாட்டு மேல பாடுது, மோட்டார் கீழ அழுவுது. ... நீ கேளு. வீட்டுல ஒருத்தர் காலையில கொஞ்ச நேரம் நடப்பாங்க. மிச்ச நேரம் அதுமேல துணி காயப்போடுவாங்க. அதுக்குச் செஞ்சது இது. இங்க ஒருத்தர் இறங்கறதுக்குள்ள அடுத்தவங்க ஏறி நிக்கறாங்க. மோட்டார் மூச்சு வாங்க வேணாமா? ... ஓடாது, ஓடாது. எவ்வளவு கெஞ்சினாலும் ஓடாது.”

அவள் கண் ஜன்னலுக்குப் போனது. எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப். காலையில் இங்கே நடக்க வந்திருந்த தையல்கார அக்கா அங்கே பெஞ்சில் உட்காராமல், பையை மாரோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். பஸ் இன்னும் வரவில்லை.

“படியா? இப்பதான் படி ஞாபகம் வருதா? ... கமர்ஷியல் மெஷின் படியில திரும்பாதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கணும்ல? ... ஜன்னல் கம்பியைக் கழட்டி கயிறு போட்டு ஏத்தியிருக்கலாமே. ... பில்டிங் ஓனர் ஒத்துக்க மாட்டாரா? அவரைக் கேட்டியா? ... கேட்டியா? ... கேட்கல. நீயே அவரா இருந்து நீயே முடியாதுன்னு சொல்லிக்கிட்ட. ... என்னது? ... இப்ப சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு. ... ரெண்டு வாரத்துல எல்லாரும் வராம நின்னுடுவாங்களா? யாரு, இவங்களா? ... நல்லாயிருக்கு. அதையே போர்டுல எழுதி வாசல்ல மாட்டிடட்டுமா? ... சிரிக்காத. எனக்குச் சிரிப்பு வரல.”

ஹாலில் மீதி மூன்று மெஷின்களிலும் ஆள் இருந்தது. ஒன்றில் பள்ளிக்கூட டீச்சர், கனத்த உடம்பு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். இன்னொன்றில் ஒல்லிக்குச்சியாக ஒரு கல்லூரிப் பெண். ஓரத்தில் இன்னொரு அம்மா.

“சரி, அத விடு. ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கே, அத நீ பார்த்தியா? ... நின்னுபோன மெஷின்லதான். கைப்பிடிக்குக் கீழ. நானே இன்னிக்குத்தான் பார்த்தேன், மெக்கானிக் காட்டினான். நூறு கிலோவுக்கு மேல ஏறக் கூடாதாம். ... அத மனசுக்குள்ள படிச்சா என்ன? ஹால் முழுக்கக் கேட்குற மாதிரி படிச்சான். பக்கத்துலயே தையல்கார அக்கா. ... அதே அக்காதான். அவங்க நடந்துட்டிருந்தப்பதான் நின்னுச்சு.”

தன்னால்தான் கெட்டதோ என்று அந்த அக்கா மெக்கானிக் வரும்வரை மெஷின் பக்கத்திலேயே காத்து நின்றார். அவன் அதைப் படித்ததும் அக்கா துண்டால் முகத்தை ஒற்றினார். கடையில் வேலை கிடக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த முகம் இவளுக்குத் தெரியும். வேறொரு ஜிம்மில், வேறொரு மெஷினிலிருந்து இவளும் இறங்கியவள்தான். அங்கே இருந்த பயிற்சியாளன் பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னான், இது உங்களைத் தாங்காது, இறங்குங்கள் என்று. சுவர்க் கண்ணாடியில் அத்தனை தலையும் திரும்பியது. அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. இங்கே வருகிற எவளையும் எவரும் இறங்கச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான், அதற்காகத்தான் இந்த ஜிம். அண்ணனிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால், இதற்கெல்லாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது என்பான்.

“நான் இத ஏன் ஆரம்பிச்சேன்னு உனக்குத் தெரியுமா? ... பொழுது போகாமயா? ... சரி. அப்படியே வச்சுக்க. ... எத, ஸ்டிக்கரையா? கிழிச்சிட்டா? கிழிச்சா மெஷினுக்குப் பலம் வந்துடுமா? ... மத்த மூணுலயும் அது இல்லதான். ஏன் இல்ல? ... அண்ணா, இங்க நின்னு பார்க்கறேன், அந்த இடத்துல வெறும் பிசின் தடம்தான் இருக்கு. ... யாரு? ... நீயா?”

அவள் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“பழக்கமா? ... ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினத உரிக்கிற பழக்கமா? ... சரி, டெலிவரி குடுக்கும்போது எல்லாத்தையும் உரிச்சிடுவீங்க, பளபளன்னு இருக்கணும், சரி. நாலாவத ஏன் விட்ட? ... அதுக்குள்ள டீ வந்துடுச்சா. நல்லது. டீக்கடைக்காரருக்குப் புண்ணியமாப் போகட்டும். ... உரிக்கறதுக்கு முன்னாடி படிச்சியா? ... படிச்சியான்னு கேட்டேன். ... ஹலோ? ... லைன்ல இருக்கியா? ... இருக்க. மூச்சு விடறது கேட்குது.”

டீச்சரின் மெஷின் நறநறத்தது. ஒவ்வொரு அடிக்கும் பெல்ட் ஒரு நொடி பிடித்து, பிறகு விட்டது. சில நாளாகவே அந்தச் சத்தம் இருந்தது. புது மெஷின் அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அந்த மோட்டார் போனால் டீச்சர் முகம் குப்புற விழுவார். விழாமல் இருக்க வேண்டுமென்றால் போய் இறங்கச் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சியாளன் சொன்ன அதே வார்த்தையை. அவளுக்கு அண்ணனை நாலு அறை விட வேண்டும் போலிருந்தது.

“ஒரு நிமிஷம் இரு. வைக்காத. நீயும் கேளு.”

அவள் ஹாலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள். ஃபோன் கையிலேயே இருந்தது.

“எல்லாரும் மெதுவா நிறுத்திட்டு இறங்குங்க. ... ஆமாம்மா, எல்லாரும்தான். ... இல்ல டீச்சர், நீங்க மட்டும் இல்ல. பாப்பா, காதுல இருக்கறத எடு. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், இறங்கு. ... மெஷின் சரியில்ல. ஜிம்முக்கு வாங்க வேண்டியத விட்டுட்டு வீட்டுக்கு வாங்குறத வாங்கிட்டோம். தப்பு எங்க மேல. ... இல்ல டீச்சர். உங்க வெயிட்டுக்கு ஒரு குறையும் இல்ல. இதுக்குத்தான் தெம்பு பத்தல. ... நாளைக்கும் வாங்க. நல்ல மெஷின் வர்ற வரைக்கும் தரையில எக்சர்சைஸ் பண்ணலாம். அந்த யோகா மேட்டெல்லாம் எடுத்து விரிங்க.”

டீச்சர் இறங்கினார். இறங்கியும் அங்கேயே நின்று, கல்லூரிப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்குவதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு போய் மேட்டை எடுத்தார்.

“ஹலோ. கேட்டுச்சா? ... ஆமா, எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன். ... பேரு கெட்டா கெடட்டும். ... கத்தாத. கத்தினா மோட்டார் ஓடிடுமா? ... கடையை மூடிட்டு வா. நாலையும் நீயே இறக்கிட்டுப் போ. லேசான மெஷின்தானே, படியில சுகமாத் திரும்பும். ... நான் ஓனர்கிட்ட பேசிக்கறேன். ஜன்னல் கம்பியை நானே நின்னு கழட்டிக்கறேன். ... முடியும். ... முடியும்னு சொல்றேன்ல. இந்தத் தடவ நீ எனக்குப் பார்த்துக் குடுக்க வேணாம்.”

தெருமுனையில் பஸ்ஸின் முகம் தெரிந்தது. தையல்கார அக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

“அண்ணா, போதும். ... போதும்னு சொல்றேன். இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லியாச்சு. இன்னும் ஒருத்தருக்குச் சொல்லணும். ... அந்த அக்காவுக்குத்தான், வேற யாருக்கு? ... ஃபோன் நம்பர் எதுக்கு, எதிர்லதான் நிக்கறாங்க. ... அதெல்லாம் அப்புறம் பேசு. வை. ... நீ வைக்கலன்னா நான் வைக்கறேன்.”

அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டு, வெறுங்காலோடு படியில் ஓடினாள்.