நாற்பத்தோராவது நிமிடம்

காதைக் குடையக் கூடாது. பத்தொன்பது வருடமாக இதைச் சொல்லிவருகிறேன். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, வாசல் தாண்டியதும் பேனா மூடியைக் காதுக்குள் விடுகிறார்கள். நீங்கள்கூட அந்தப் பென்சிலை வைத்துக்கொண்டு... சரி, அது உங்கள் காது.

செவித்திறனைச் சோதிப்பது, காதுக்கருவி பொருத்துவது, சத்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அளவெடுத்துக் காதடைப்பான் செய்துகொடுப்பது, இதுதான் என் தொழில். டிஜே பிரளயமும் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தான். பிரளயம் என்பது அவனே தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். அவன் அம்மாவுக்கு அவன் தம்பு. கரப்பான்பூச்சியைக் கண்டால் பிரளயம் நாற்காலிமேல் ஏறி நின்றுகொள்ளும்.

அவன் என் தங்கையின் கணவன். கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. அப்போதே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பிற்பாடு என் தங்கை அதை நிஜமாக்கிவிட்டாள். எங்கள் வீட்டு மாடியறையில் இசைத்தட்டைச் சுழற்றும் பழைய டர்ன்டேபிள் இரண்டும், ஒலியை ஏற்றி இறக்கும் மிக்ஸர் ஒன்றும் வைத்திருந்தேன். விடுமுறை மதியங்களில் இருவரும் அதைக் கட்டிக்கொண்டு அழுவோம். நான் படித்து வேலைக்குப் போனேன். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிரளயமானான்.

அவனுடைய முதல் தொகுப்பு வந்த அன்று தங்கை ஒரு சிடியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"அண்ணா, ஒரே மூச்சுல கேக்கணுமாம். நடுவுல நிறுத்தினா பயணம் கெட்டுடுமாம், இவரு சொல்லச் சொன்னாரு."

"எங்கே போற பயணம்மா?"

"அது அவருக்கே தெரியாது. நீ கேளு."

உறையில் அவன் கண்ணை மூடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், சொட்டு மருந்து விட்டுக்கொண்டவன் மாதிரி. உள்ளே எலக்ட்ரோ நடனப் பாட்டுகள் பதினெட்டு, இடைவெளியே இல்லாமல் எழுபத்திரண்டு நிமிடம். பாட்டுகள் எல்லாம் மற்றவர்கள் போட்டவை. ஒன்றோடு ஒன்றை ஒட்டுவதுதான் இவன் வேலை. ஒட்டுவது என்றால் அவனுக்குக் கோபம் வரும். நெசவு என்று சொல்ல வேண்டும்.

மதிய இடைவேளையில் ஓசை புகாத சோதனைப் பெட்டிக்குள் உட்கார்ந்து, நல்ல ஹெட்போனில் கேட்டேன். முதல் பாட்டு குளிர்சாதனப் பெட்டியின் முனகல் போலத் தொடங்கியது. நான்காவதில் கால் தானாக ஆடியது. ஏழாவதில் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்தேன். நல்ல தொகுப்பு, அதை நான் மறைக்கவில்லை.

நாற்பத்தோராவது நிமிடத்தில் அடி மேளம் நின்றது. கீழே பேஸ் என்கிற அடித்தொனி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கடியில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி, அடுத்த பாட்டின் பெண்குரல் நுழைந்தது. முப்பத்திரண்டு தாளத் தட்டு வரை அது ஒளிந்தே இருந்தது. பிறகு மேளம் வந்து விழுந்தபோது பழைய பாட்டு எங்குமே இல்லை. எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

அது என்னுடையது. மாடியறையில், மழை பெய்த ஒரு மதியம், அதே இரண்டு பாட்டுகளை வைத்து நான் கண்டுபிடித்த இணைப்பு. கேசட்டில் பதிவுகூடச் செய்தோம்.

உறையின் பின்பக்கம் நன்றிப் பட்டியல் இருந்தது. முப்பத்தொரு பெயர். பல் மருத்துவர் இருந்தார். பக்கத்து வீட்டு நாய் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நடக்கிற ஆள் இல்லை நான். அடுத்த வாரம் புதுக் காதடைப்பானுக்கு அளவு கொடுக்க வந்தவனிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

"அந்த நாப்பத்தொண்ணாவது நிமிஷம் நல்லா இருந்துச்சு."

"எனக்கும் அதுதான்டா உசுரு. எப்படி வந்துச்சுன்னே தெரியல மச்சான். மேலேருந்து அப்படியே இறங்குச்சு." விரலால் கூரையைக் காட்டினான்.

என் அறை மாடியில்தான் இருந்தது. அந்த அளவில் அவன் சொன்னது சரி.

காது அச்சு எடுப்பதற்கு ஒரு பசையைக் காதுக்குள் பீய்ச்சி, அது இறுகும்வரை ஐந்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும். இரண்டு காதிலும் பசையோடு அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது சொன்னேன், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக: "அது என்னோடது. என் பேரைப் போட்டிருக்கலாம். இப்பவாவது ஒத்துக்கோ." என் வாய் அசைவதைப் பார்த்தான். சிரித்தபடி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

நான் கேட்கவே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. பதில் சொல்ல அவனுக்கு முழுதாக ஐந்து நிமிடம் இருந்தது.

அந்த அடைப்பான்களுக்குள் மிளகு அளவில் ஒரு வடிகட்டி வைப்போம். சத்தத்தைப் பாதுகாப்பான அளவுக்குக் குறைப்பது அதுதான். ஏறக்குறைய எதையும் குறைக்காத வகையும் உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதை வைத்தேன். காதுக்குள் ஏதோ இருக்கிறது என்ற தைரியம் வரும், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் அவன் ஸ்பீக்கருக்கு இன்னும் பக்கத்தில் போய் நின்றான். நிற்கச் சொன்னது நானல்ல.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வருவான். சத்தத்தில் கெடுகிற காதுக்கு முதலில் உச்ச ஸ்தாயியில் ஒரு இடத்தில் மட்டும் கேட்பது குறையும். வரைபடத்தில் கோடு அங்கே பள்ளத்தில் இறங்கும். முதல் முறையே இறங்கியிருந்தது. அவன் போன பிறகு நான் பெட்டிக்குள் உட்கார்ந்து என் காதைச் சோதித்து, அந்த வரைபடத்தின் தலையில் அவன் பெயரைப் போட்டுக் கோப்பில் வைத்தேன். பிரதி ஒன்றை அவனுக்கு அனுப்பினேன். இப்படி ஐந்து முறை. என் வேலையை அவன் தன் பெயரில் வெளியிட்டான். நானும் என் வேலையை அவன் பெயரில்தான் வெளியிட்டேன். இதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் பட்டது.

"காதுல விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு மச்சான்," என்றான் மூன்றாம் முறை.

"ரசிகருங்க அடிச்சது தங்கியிருக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தான். பெரிய ஆள் என்று சொல்லிவிட்டால் போதும், அவன் எதையும் நம்புவான்.

தங்கைதான் விடவில்லை. "அண்ணா, பாப்பா கூப்பிட்டா இவருக்குக் கேக்கவே மாட்டேங்குது."

"எந்தப் புருஷனுக்கும்மா கேக்குது? ரிப்போர்ட்டைப் பார்த்தேல்ல, கோடு ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

நான் சொன்னால் அவள் நம்புவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பாப்பா என் மருமகள். இப்போது நான்கு வயது. அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் மடியில் ஏறி, அவன் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை, தானாகக் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி. என்னிடமும் ஒருநாள் அப்படிச் செய்தாள். எனக்கு நன்றாகக் கேட்கும் என்றேன், நம்பவில்லை.

நல்ல இணைப்பு என்றால் எது எப்போது போனது என்று தெரியக் கூடாது. இரண்டரை வருடத்தில் அவன் காதை மெல்ல மெல்ல இறக்கினேன். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இரண்டாவது தொகுப்புக்கான ஒப்பந்தத்தில் வேறொரு மருத்துவமனையில் பரிசோதனை வேண்டும் என்று கேட்காமலிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கிருந்த பெண்மணி தன் வரைபடத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அவன் இனி எந்த நாளும் ஒரு பாட்டை முழுதாகக் கேட்கப்போவதில்லை. போன காது வராது. கருவி வைத்தாலும் பேச்சுதான் கேட்கும், அதுவும் அரைகுறையாக. தெரிந்தே, திட்டமிட்டு, நான்தான் செய்தேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும். தங்கை பரணிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். நேற்று அதைப் போட்டுக் காட்டினீர்கள். இரண்டு பாட்டும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு நுழைகிற மாதிரி இடித்துக்கொள்கின்றன. பிறகு ஒரு குரல், "குடு மச்சான், நான் பாத்துக்கறேன்," என்கிறது. அதன் பிறகுதான் அந்த முப்பத்திரண்டு தட்டும் சரியாக விழுகின்றன. அது பிரளயத்தின் குரல் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். தங்கையும் அப்படியே சொல்லியிருக்கிறாள். பாவம், அவள் இப்போது நிதானத்தில் இல்லை.

கேசட் இருபது வருடத்தில் இழுபட்டுப்போகும். குரல் மாறிப்போகும். அது என் குரல்தான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் காதில் எந்தக் குறையும் இல்லை. சந்தேகமிருந்தால் அந்த ஐந்து வரைபடங்களும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள்.