மகன் வராமலிருக்க ஒரு மெழுகுவர்த்தி

வியாழக்கிழமை விவேக் நகரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய்விட்டு வரும் இரண்டு பெண்கள். கர்நாடகத்தில் குடியிருப்பவர்கள் என்று கண்டக்டரிடம் ஆதாரைக் காட்டி பெண்களுக்கான இலவச டிக்கெட் வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவர்களில் ஜன்னலோரம் இருந்த மூத்தவள் இளையவளிடம் சொன்னாள்:

"எம் பையன் ஊருக்கு வந்துடக் கூடாதுன்னு மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன்."

"என்னக்கா இது, கனடாவுல இருக்கறது ஒரே பையன்!"

"அதனாலதான். சிட்டிசன்ஷிப் கேக்கணும்னா இத்தன நாள் அங்கயே இருந்தேன்னு காட்டணுமாம். நம்மகூட இருக்கற நாளையெல்லாம் கழிச்சிடறாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்ததுல ஒரு மாசம் போச்சு. இன்னும் ரெண்டு மாசம் கொறையுது."

"அப்ப மாமாவுக்கு ஆபரேஷன் ஆனதைச் சொல்லவே இல்லையா?"

"சொன்னா அடுத்த ஃப்ளைட்ல வந்து நிப்பான். வீடியோ கால் வந்தா அவருக்கு சட்டையை மாட்டி, ஆஸ்பத்திரிக் கட்டில் தெரியாம உக்கார வெச்சுடறேன்."



"சிட்டிசன்ஷிப் வந்துட்டா, அப்புறம் இங்க வர்றதுக்கு அவனுக்கு விசா வேணுமேக்கா?"

"தெரியும். அதுக்கும் ஒண்ணு சேத்தே ஏத்திட்டேன்."