ரெண்டு மிதி

உங்கள் ஜீப்பின் இடது பின்சக்கரத்தில் ஒரு முனகல் இருக்கிறது, ஐயா. என்னை அழைத்துவந்தபோது வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். பேரிங் போயிருக்கும். புதிது வாங்க அவசரமில்லை, கிரீஸ் வைத்தாலே இன்னும் கொஞ்ச காலம் ஓடும். டிரைவர் தம்பியிடம் சொன்னேன். "பேசாம வாங்க" என்றார். நல்லதைச் சொன்னால் யாருக்குப் பிடிக்கிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாலத்து இறக்கத்தில் நடந்த விபத்துக்குத் தான்தான் காரணம் என்று என் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவன், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி உங்களிடம் சொல்லிவிட்டான். ஒரு உயிர் போயிருக்கிறது. பழி அவன் தலையில் விழும், குணமானதும் உள்ளே போவான் என்று பேசிக்கொள்கிறார்கள். இதற்கிடையில் உங்கள் வண்டிப் பரிசோதகர் நொறுங்கிய பிக்கப்பைக் குடைந்து பார்த்துவிட்டு, "இந்த பிரேக் இந்த வண்டியோடது இல்லையே" என்றாராம். கெட்டிக்காரர். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. முழுவதையும் கேட்டால் உங்களுக்கே என் பக்கத்து நியாயம் புரியும்.

எங்கள் பிக்கப்புகள் இரண்டும் ஒரு சலவைக் கம்பெனியில் வேலை பார்த்தவை. ஒரே வருஷம், ஒரே வெள்ளை, கதவில் ஒரே மாதிரி சுரண்டி எடுத்த எழுத்து. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் ஒன்றைப் பொறுப்பான ஆள் ஓட்டியிருக்கிறான், இன்னொன்றை வேறொருவன் கடன்காரன் போல விரட்டியிருக்கிறான். இரண்டையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்? அவனைப் பொறுத்தவரை ஹாரன் அடித்தால் வண்டி, அடிக்காவிட்டால் தகரம். விலையோ இரண்டுக்கும் ஒன்று.

வாங்கப் போன அன்று கம்பெனிக்காரர்கள் இரண்டு சாவிகளையும் மேஜைமேல் வைத்தார்கள். "மாப்ளே, நீ முதல்ல எடுத்துக்க" என்றேன். ஒரு மரியாதைக்குச் சொல்வதுதானே? "ஐயோ, நீங்க பெரியவங்க மச்சான், நீங்க எடுங்க" என்று அவன் சொல்ல வேண்டும். "அட, சும்மா எடுப்பா" என்று நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அவன் தலையை ஆட்டி மறுக்க வேண்டும். கடைசியில் வேறு வழியில்லாமல் நான் நல்ல வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதர்கள் அப்படித்தான் பழகுகிறார்கள். இவன் "சரி மச்சான்" என்று சொல்லி, நல்ல வண்டியின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். நான் இன்னும் சிரித்த முகத்தோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐயா. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விவரம் போதாதவன். அவ்வளவுதான்.

அவன் தரைக்குப் போடும் டைல்ஸ் ஏற்றுவான். நான் மெத்தைகள் ஏற்றுவேன். என் வீட்டுப் பின்பக்கம் சிமெண்ட் போட்ட இடம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் அவனும் வண்டியைக் கொண்டுவந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவான். இரண்டையும் நானே பார்ப்பேன். ஒரு தம்பிடி கூலி வாங்கியதில்லை. "மச்சான் கை பட்டாத்தான் வண்டிக்கே உயிர் வருது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். பேசிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவிடுவான். வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். அழகான காட்சி இல்லை.

முதலில் மாற்றியது பேட்டரியைத்தான். அதற்கும் காரணம் அவனேதான். என் வண்டி காலையில் கிளம்பாது, தள்ள வேண்டும். யார் தள்ளுவது? மாப்பிள்ளைதான். அவனுக்கோ இடுப்பு வலி. அவன் இடுப்பை நினைத்துத்தான் அவன் பேட்டரியைக் கழற்றி என் வண்டியில் வைத்தேன், என்னுடையதை அவன் வண்டியில் வைத்தேன். அதற்குப் பிறகு என் வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. அவன் வண்டியைத் தள்ள நான் போனேன். என் இடுப்புக்கு ஒரு குறையும் இல்லை. யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள்.

பழைய வண்டியைக் குறைந்த செலவில் புதுப்பிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் கடை கடையாக அலைகிறார்கள். பழைய சாமான் கடையில் போய் யாரோ எந்த மரத்திலோ மோதிய வண்டியின் உதிரியை வாங்கி வருகிறார்கள். அதன் பூர்வீகம் என்ன, எப்படி ஓடியது, யாருக்குத் தெரியும்? என்னிடம் அப்படியில்லை. எனக்கு வேண்டிய ஒவ்வொரு சாமானும் என் கண்முன்னாலேயே, என் பராமரிப்பிலேயே, குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. ரேடியேட்டரை மாற்றினேன். பாரம் தாங்கும் பின்பக்கத்து வில்பட்டைகளை மாற்றினேன். டயர்களை ஒவ்வொன்றாக, அவன் கண்ணை உறுத்தாமல் மாற்றினேன். ஓட்டுநர் இருக்கைக்கு என் தங்கை பூப்போட்ட உறை தைத்துக் கொடுத்திருந்தாள். உறையை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருந்த இருக்கையை மட்டும் மாற்றினேன். அது கொஞ்சம் பாடாய்ப் படுத்திவிட்டது.

சும்மா எடுத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுப்பேன். ரேடியேட்டரை எடுத்தபோது ஸ்டீரிங்குக்குத் தோல் உறை போட்டுக் கொடுத்தேன். வில்பட்டைக்கு மூன்று ராகத்தில் கத்துகிற ஹாரன். டயர்களுக்கு, வண்டியின் பக்கவாட்டில் ஓடும் சிவப்புக் கோடு. அவன் பூரித்துப் போனான். "பார்த்தியா, உங்க அண்ணன் தன் வண்டிக்கு ஒண்ணும் செஞ்சுக்கல, எல்லாம் நமக்குத்தான்" என்று தங்கையிடம் சொன்னான். என் காதில் விழும்படிதான் சொன்னான். மனசு நிறைந்துவிட்டது.

தங்கை சிரிக்கவில்லை. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படி. என் தட்டில் இருப்பதையும் தன் தட்டில் இருப்பதையும் மாறி மாறிப் பார்ப்பாள். "அண்ணே, உன் வண்டி வயசாக வயசாகக் குமரி ஆகுது. எங்க வண்டிக்கு மட்டும் ஏன் மூச்சு வாங்குது?" என்றாள்.

"ஓட்டுற ஆளு அப்படி" என்றேன்.

மாப்பிள்ளைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். நீங்கள் கேட்க நினைப்பது அதைத்தானே? பெடலை மிதித்தால் சக்கரங்களுக்கு எண்ணெயைத் தள்ள ஒரு உருளை இருக்கிறது, மாஸ்டர் சிலிண்டர் என்பார்கள். என் வண்டியில் அதற்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. முதல் மிதியில் பெடல் தரைவரைக்கும் போகும், ஒன்றும் பிடிக்காது. உடனே காலைத் தூக்கி இரண்டாவது தடவை மிதித்தால் பிடிக்கும். பெரும்பாலும் பிடிக்கும். புதிது வாங்கியிருக்கலாம். நல்லது ஒன்று கை நீட்டும் தூரத்தில் நிற்கும்போது காசைக் கொட்ட மனசு வருமா? தவிர, இரண்டு பேரின் சரக்கையும் யோசித்தேன். மெத்தை லேசு. பிரேக் சட்டென்று பிடிக்காமல் வண்டி தடுமாறினால் சரிந்து, அழுக்காகி, வாங்குகிறவர் முகம் சுளிப்பார். டைல்ஸ் அப்படியா? கனமான சாமான், வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

அவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில் வண்டியை என்னிடம் விட்டுச் சென்றார்கள். சாவகாசமாக மாற்றினேன். எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற மட்டும் இன்னொரு ஆள் பெடலை மிதிக்க வேண்டும். கல்யாண வேட்டியோடு வந்திறங்கிய மாப்பிள்ளையையே என் வண்டியில் ஏற்றி உட்கார வைத்தேன். நான் கீழே படுத்துக்கொண்டு "மிதி" என்பேன், மிதிப்பான். "விடு" என்பேன், விடுவான். வேலை முடிந்ததும் இறங்கி வந்து, "உங்க பிரேக் கல்லு மாதிரி இருக்கு மச்சான்" என்றான். அவனுடைய பிரேக் அது. பாராட்டத் தெரிந்தவன், என்ன இருந்தாலும்.

அவன் வண்டியின் பெடலுக்குமேல் புது ரப்பர் உறை போட்டுக் கொடுத்திருந்தேன். பளபளவென்று இருந்தது. மிதித்துப் பார்த்துவிட்டு அவன் முகம் மாறியது. "என்ன மச்சான், உள்ளே போகுதே?" என்றான்.

"அது ரெண்டு மிதி, மாப்ளே" என்றேன். "இப்ப நல்ல வண்டிக்கெல்லாம் இப்படித்தான் வெச்சுக்கிறாங்க. முதல் மிதி தயார் பண்ண, ரெண்டாவது மிதி நிறுத்த. திடீர்னு பிடிச்சா டைல்ஸ் உடைஞ்சுடும் பாரு."

எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. அவன் அப்படியே ஏற்றுக்கொண்டான். டைல்ஸ் கடையில் எல்லோரிடமும் பெருமை அடித்திருக்கிறான். மற்ற ஓட்டுநர்கள் வந்து மிதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். இவன் அவர்களுக்கு விவரம் போதாது என்று சொல்லியிருக்கிறான். நான் எவ்வளவு சிரித்தேன் தெரியுமா? நீங்களும் சிரிக்கலாம் ஐயா, தப்பில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் கொண்டுபோக வேண்டியிருந்த அன்று, தங்கையும் வண்டியில் ஏறினாள். வழக்கமாக அவள் போக மாட்டாள். "நீ எதுக்கும்மா இந்த வெயில்ல?" என்று கேட்டேன்.

"சரக்கை இறக்கிட்டு அங்கே ஒரு மெக்கானிக்கிட்ட வண்டியைக் காட்டப் போறோம்" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "இந்த ரெண்டு மிதி எங்க விக்குதுன்னு கேட்டுட்டு வர்றேன் அண்ணே. உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வரவா?"

மாப்பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மச்சான், நான் வேணாம்னுதான் சொன்னேன். இவ கேக்க மாட்டேங்கிறா" என்று காதைச் சொறிந்தான்.

எனக்கு வலித்தது, ஐயா. கூடப்பிறந்தவள் அண்ணனை நம்பாமல், ஊர் பேர் தெரியாத மெக்கானிக்கை நம்புகிறாள். இத்தனை நாள் கூலி வாங்காமல் உழைத்ததற்கு இதுதானா மரியாதை? அந்த மெக்கானிக் மூடியைத் திறந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். அதற்குப் பிறகு நான் யார் முகத்தில் விழிப்பது? என் வண்டியையும் பிரித்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். ரேடியேட்டர், டயர், இருக்கை, எல்லாம். அவ்வளவு பாடுபட்டு இழைத்த வண்டி.

நான் சண்டை போடவில்லை. கோபத்தைக் காட்டவுமில்லை. சரக்கு ஏற்றக் கைகொடுத்தேன். இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டியதை ஒரே நடையில் ஏற்றிவிடலாம், டீசல் மிச்சம் என்று நான்தான் சொன்னேன். "தாங்குமா மச்சான்?" என்று கேட்டான். "தாராளமா" என்றேன். அந்த வில்பட்டைகள் என் பழைய வில்பட்டைகள். அவை எவ்வளவு தாங்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பாலத்து இறக்கம் எவ்வளவு செங்குத்து என்றும் தெரியும். நின்று, பார்த்து, எண்ணிப் பார்த்துத்தான் ஒவ்வொரு பெட்டியாக ஏற்றினேன். தங்கை பக்கத்து இருக்கையில் இருந்து கையாட்டினாள். நானும் ஆட்டினேன். தெருமுனையில் மூன்று ராகத்திலும் ஹாரன் அடித்தது.

அவர்கள் இறக்கத்தை எட்டக் கணிசமான நேரம் ஆகும். கைப்பேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நடுவில் எடுத்தும் பார்த்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? ஓட்டிக்கொண்டிருப்பவனைக் கூப்பிட்டால் கவனம் சிதறும், ஆபத்து என்று நீங்களே பலகை வைத்திருக்கிறீர்கள். திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தடுப்புச் சுவரில் மோதியது தங்கை உட்கார்ந்திருந்த பக்கம். பின்னால் இருந்த டைல்ஸ் அவ்வளவும் முன்னால் வந்திருக்கிறது. டைல்ஸ் சரியாது என்று நான் போட்ட கணக்கு தவறிவிட்டது. அதை ஒப்புக்கொள்கிறேன். அவளை என்னிடம் காட்ட வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. பொய்யில்லை, நிறையவே அழுதேன். எனக்கு இருந்தது ஒரே தங்கை.

மாப்பிள்ளை காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொன்னீங்களே மச்சான், ரெண்டு தடவை மிதின்னு. பயத்துல முதல் மிதியிலேயே காலை அழுத்திப் பிடிச்சுட்டேன், எடுக்கவே இல்ல. நீங்க சொன்னபடி செஞ்சிருந்தா அவ இருந்திருப்பா. நான்தான் கொன்னுட்டேன் மச்சான். என்னைப் பார்க்காதீங்க. போயிடுங்க" என்று சிறுபிள்ளை போலத் தேம்பினான். உங்களிடம் சொன்னதையும் இதே வார்த்தைகளில்தான் சொல்லியிருப்பான்.

நான் போகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். நல்ல வண்டியை எடுத்துக்கொண்டவன், என் தங்கையையும் கொண்டுபோய்ச் சுவரில் மோதியவன், சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு விஷயத்தையும் மறந்தவன். என் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அவன் கழுத்தை அங்கேயே நெரித்திருப்பார்கள்.

நான் அவனை மன்னித்துவிட்டேன், ஐயா. நீங்களும் பார்த்துச் செய்யுங்கள்.