காரணம் குறிப்பிடப்படாதது

ஆஸ்பத்திரியில் எங்கள் ரெக்கார்டு அறையில் ஏ.சி. எப்போதும் தூக்கலாகவே இருக்கும். ஸ்வெட்டர் போடாமல் உட்கார முடியாது. ஐயா கேட்கிறீர்கள், அதனால் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நோயாளி வீட்டுக்குப் போனாலும் மேலே போனாலும் கேஸ் ஷீட் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டைப் போடுவேன். கோடிங் என்பார்கள்.

வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வு அழன்று சீழ் பிடிப்பது பெரிட்டோனைட்டிஸ். ஆபரேஷனால் வந்தது என்றால் ஒரு குறியீடு. காரணம் குறிப்பிடப்படாதது என்றால் வேறொன்று. முன்னது சர்ஜனின் கணக்கில் ஏறும், கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். பின்னதை யாரும் சீண்டமாட்டார்கள். டாக்டர் பட்டும் படாமல் எழுதியிருந்தால், எதனால் வந்தது என்று நான் அவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அதுதான் விதி.

எங்கள் சர்ஜன் என் மாப்பிள்ளை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் கேள்வி கேட்பது அழகா, நீங்களே சொல்லுங்கள். குடலில் அவர் போட்ட தையல்கள் உள்ளே அடிக்கடி பிரிந்து சீழ் பிடித்தன. அவர் வெறும் பெரிட்டோனைட்டிஸ் என்று எழுதுவார், நான் கேட்காமல் விடுவேன். ஒரு பொய்கூட எழுதியதில்லை. அவர்களில் பலர் பிழைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் தங்கை போன் செய்தாள். குடலில் கட்டி.

"பயமா இருக்குண்ணே. மாப்பிள்ளை கையில வயித்தைக் குடுக்கலாமா, வேற ஆளைப் பாக்கட்டுமா? எல்லார் கேஸ் ஷீட்டையும் பாக்குறவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. அப்புறம் என் மகள் வாழ்க்கை என்னாவது?

"நம்ம வீட்டுப் பிள்ளை இருக்கையில வெளியாளைத் தேடுவியா? தைரியமாப் போய்ப் படும்மா. நான் இருக்கேன்ல" என்றேன். அவளுக்கு உடனே குரல் தெளிந்துவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஜுரம் ஏறியது, வயிறு பலகையாக இறுகியது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கால் பிடித்துவிட்டேன். அழுதேன், அதில் நடிப்பில்லை. என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். வேறு டாக்டரைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். மாமனார் வாயைத் திறந்தால் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவு என்று இருந்துவிட்டேன். விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

கேஸ் ஷீட் வந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல ஒற்றைச் சொல்தான் எழுதியிருந்தார். "உங்க தங்கச்சி கேஸு சார், நான் முடிச்சிடுறேன், குடுங்க" என்று பக்கத்து மேஜைப் பெண் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. காரணம் குறிப்பிடப்படாதது என்றே போட்டேன்.

உடன்பிறந்தவள் என்பதற்காக அவளுக்கு மட்டும் தனி நியாயம் வைக்க முடியுமா, ஐயா? என் வேலையில் நான் பாரபட்சம் பார்த்ததே இல்லை.